மோரிஸ் எட்டில் பாராமகால்

வியாழன் இரவு, தருமபுரி

கார் பந்தயம் என்றால் நமக்குச் சென்னைப் பக்கம் சோழவரம், இருங்காட்டுக்கோட்டை, மிஞ்சிப்போனால் கோவைப் பக்கம் செட்டிபாளையம். பழைய நாளில் பாராமகால் என்று பெயர் கொண்ட தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே பந்தயத் தடம் இருந்ததில்லை, கோப்பையோடு நிற்கிற ஆள் படம் எந்த டீக்கடையிலும் மாட்டியிருக்கவில்லை. இருந்தும் பழைய கார் பந்தயக் கதை தேடித்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் நண்பனின் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நிற்கும் மோரிஸ் எட்டு. 1936-ஆம் வருடத்து வண்டி.

அதை எடுத்துக்கொண்டு தொப்பூர் கணவாய், பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர், மேலுமலை, கிருஷ்ணகிரி என்று மெதுவாக ஒரு சுற்று வருவதாகத் திட்டம். ஓட்டப்போவது பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர், கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறவர். ஹாண்டில் அடிப்பது (முன்னால் கம்பியைச் சொருகிச் சுழற்றி என்ஜினைக் கிளப்புவது), தண்ணீர் ஊற்றுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது என் பொறுப்பு. அதாவது நான் கிளீனர்.

வண்டி சின்னதுதான். 918 சிசி, நான்கு சிலிண்டர், மூன்று கியர், 6 வோல்ட் மின்சாரம். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சிவப்புக் கை டக்கென்று வெளியே நீளும், அதுதான் இண்டிகேட்டர். குளிர்விக்கத் தண்ணீர் பம்பு கிடையாது. சூடான நீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறிய நீர் கீழே இறங்கி என்ஜினுக்கு வரும், அவ்வளவுதான் ஏற்பாடு. அந்தக் காலத்துச் சிறிய கார்கள் பலவற்றில் இப்படித்தான். சமதரையில் தொந்தரவில்லை. ஏற்றத்தில், அதுவும் பின்னாலிருந்து காற்றடிக்கும்போது, கொதிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பின்சீட்டில் எங்கள் துணிப்பையை விடத் தண்ணீர் கேன்களுக்குத்தான் அதிக இடம்.

சாயங்காலம் ஹாண்டில் அடிக்கப் பாடம் நடந்தது. “கட்டை விரலை அந்தப் பக்கம் சுத்திப் பிடிக்காத கண்ணு. நாலு விரலோட சேர்த்து ஒரே பக்கமா வை. கீழிருந்து மேல இழு, மேலிருந்து கீழ அமுக்காத.” என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் ஹாண்டில் சுழன்று கட்டை விரலையோ மணிக்கட்டையோ முறித்துவிடும். அமெரிக்காவில் கேடிலாக் 1912-ஆம் வருடத்து மாடலில் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்திய பிறகுதான் இந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது. இந்த மோரிஸிலும் ஸ்டார்ட்டர் உண்டு. ஆனால் காலையில் முதல் தடவை ஹாண்டிலில்தான் எழுப்ப வேண்டும் என்பது பெரியப்பா வீட்டு வழக்கம். பேட்டரி நாளைக்கு வேண்டுமாம்.

எண் பலகையைப் பற்றிக் கேட்டேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட கார், இருசக்கர வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கௌரவமான ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது; கண்காட்சி, ராலி, பழுது பார்ப்பது, எரிபொருள் நிரப்புவது போன்ற காரியங்களுக்கு மட்டும் தெருவில் இறக்கலாம். “அப்போ மாரியம்மன் கோவிலுக்கு எப்படிப் போறது?” என்கிறார் பெரியப்பா. பழைய எண்ணிலேயே, காலாகாலத்தில் ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் ஓட்டும் அவருக்குத்தான்.

கண்டிப்பான ஆங்கிலேயக் கணக்கில் 1930 முடியத் தயாரான வண்டிகள்தான் வின்டேஜ். அந்தக் கணக்குப்படி எங்கள் மோரிஸ் ஆறு வருடம் பிந்திப் பிறந்துவிட்டது. ஊரில் யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பேச்சு 1895-க்குப் போயிற்று. பாரிஸிலிருந்து போர்தோ போய் மறுபடி பாரிஸ், 1,178 கிலோமீட்டர். எமில் லெவாசோர் கிட்டத்தட்டத் தூங்காமல் ஓட்டி 48 மணி 48 நிமிடத்தில் முதலில் வந்து சேர்ந்தார். ஆனால் முதல் பரிசு அவருக்கு இல்லை, நாலு பேர் உட்காரும் வண்டிக்குத்தான் பரிசு என்று விதி. அவருடையது இரண்டு பேர் வண்டி. அதே ஓட்டத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் மாட்டிய காரை ஓட்டி, வழியெல்லாம் பஞ்சர் ஒட்டி, நேரம் தாண்டி வந்து சேர்ந்தார்கள். லெவாசோரின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் சொச்சம். “நாம நாளைக்கு அதை விட மெதுவாத்தான் போவோம்” என்றார் பெரியப்பா. அவருக்கு அதில் பெருமை.

வெள்ளி, தொப்பூர் போய்த் திரும்பி

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம். செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் விபத்தோடு சேர்ந்துதான் வரும். டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கும் லாரிகள், காய்ந்து பிடிக்காமல் போகும் பிரேக், முன்னால் போகிற கார்கள் என்று மாதத்துக்கு ஒரு கதை. நாங்கள் விடிகாலையிலேயே கிளம்பி இடது ஓரமாக, இரண்டாவது கியரில் இறங்கினோம். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தது கோபத்தில் இல்லை. ஜன்னல் வழியே கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே முந்தினார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

“எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு” என்பது இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கியர் மாற்றும்போது கிளட்ச்சை ஒரு தடவை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, என்ஜினைக் கொஞ்சம் உறுமவிட்டு, மறுபடி மிதித்து கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். டபுள் கிளட்ச். முதல் கியர் கர்ரென்று கத்தாமல் விழுந்தால் பெரியப்பா மீசையைத் தடவிக்கொள்கிறார்.

இந்த மாதிரிக் கணவாய்கள்தான் ஆரம்ப கால இந்திய மோட்டார் போட்டிகளின் உயிர். 1904 டிசம்பர் கடைசியில் டெல்லியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. யார் முதலில் என்பதை விட, வண்டி வழியில் படுத்துக்கொள்ளாமல் ஊர் போய்ச் சேர்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. 1908-ல் பம்பாய்–கோலாப்பூர் ஓட்டத்தில் ‘கிழக்கின் முத்து’ என்று பெயர் சூட்டிய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களை ஏறி இறங்கி ஜெயித்தது. குவாலியர் மகாராஜா அதை வாங்கிக்கொண்டார். இந்திய ராஜாக்களுக்கு ரோல்ஸ் ராய்ஸ் மேல் வந்த மோகத்துக்கு இப்படி ஒரு பந்தயக் கோப்பையும் காரணம். கல்கத்தாவில் மோட்டார்காரர்கள் சங்கம் 1904-லேயே தொடங்கிவிட்டது. சென்னையில் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் 1905-ல்.

பந்தயம் அப்போது பணக்காரர் விளையாட்டு. ஆனால் அதே சோதனையை அன்றாடப் பிழைப்பாகச் செய்தவர்கள் இந்தக் கணவாய்களில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை. பஸ் ஏற்றத்தில் திணறி நின்றால் கிளீனர் பையன் பின்னாலிருந்து குதித்து ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைத் தள்ளுவான். வண்டி பத்தடி நகரும், நிற்கும், மறுபடி கட்டை. மேலே போய்ச் சேரும்வரை அவன் நடைதான். பெரியப்பாவின் அப்பா இப்படிப்பட்ட வண்டி ஒன்றில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசிக் காலத்தில் இந்த மோரிஸை இரண்டாம் கையாக வாங்கியவர்.

அவர் சொன்னதாகப் பெரியப்பா சொல்லும் ஒரு கதையை நான் முதலில் நம்பவில்லை. ஃபோர்ட் டி மாடல் கார்கள் செங்குத்தான ஏற்றத்தைப் பின்பக்கமாக ஏறுமாம். யோசித்துப் பார்த்தால் சரிதான். அந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். பம்பு இல்லை, பெட்ரோல் தானாக வழிந்து கார்புரேட்டருக்கு வர வேண்டும். ஏற்றத்தில் முகம் மேலே தூக்கினால் கார்புரேட்டர் உயரத்துக்குப் போய்விடும். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வராது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸில் ஏறினால் டாங்க் மேலே வந்துவிடும், அப்புறம் ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம். 1908 முதல் 1927 வரை 1.5 கோடி டி மாடல்கள் செய்தார்கள். உலகம் முழுக்க மலையடிவாரங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். தொப்பூரில் வேடிக்கை பார்த்தவர்கள் என்ன சொல்லிச் சிரித்தார்களோ.

கீழே டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். திப்புவின் படை 1790-ல் இந்தக் கணவாய் வழியாகத்தான் தெற்கே இறங்கியது. பீரங்கியை இழுத்தவை காளைகள். எங்களுக்கு 23 குதிரை சக்தி சொச்சம். பாதி ஏற்றத்தில் ஊசி சிவப்புப் பக்கம் போவதற்கு முன்பே ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரைமணி உட்கார்ந்தோம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. ஈரச் சாக்கைப் போட்டு, கால் திருகு திருகி, ஆவி போன பிறகுதான். ஒரு ஹைவே ரோந்து வண்டி நின்றது. “பிரேக்டவுனா சார்?” “இல்லப்பா, ரெஸ்ட்டு.” அவர்களும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

சனி, ராயக்கோட்டை

இன்று மழை மேகம். மோரிஸுக்கு நல்ல நாள்.

இந்த மாவட்டத்தின் பந்தயக் கதையை ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்றால் அது தருமபுரி–பாலக்கோடு–ராயக்கோட்டை ரோட்டில்தான். போட்டியாளர்கள் இரண்டு பேர்: ரயில், பஸ்.

இன்று இந்தப் பக்கம் ஓடும் சேலம்–பெங்களூர் அகலப் பாதையைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு குட்டி ரயில் இருந்தது. மொரப்பூரில் பெரிய ரயிலை விட்டு இறங்கினால், 2 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு பாதை தருமபுரிக்கு வந்தது. 1906 ஜனவரியில் திறந்தார்கள். 1913-ல் அதைப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டினார்கள். இதே மாதிரி இன்னொரு குட்டிப் பாதை 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு. பஞ்சம் அடிக்கடி வந்து போன மேட்டு நிலம் இது. தானியம் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்பதே இந்தப் பாதைகளுக்குச் சொன்ன காரணம்.

அப்போது பஸ் என்று ஒன்று இல்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட ஆரம்பித்ததே 1910-களின் தொடக்கத்தில்தான். ஜி.டி. நாயுடு பொள்ளாச்சி–பழநி ரோட்டில் ஒற்றை பஸ்ஸோடு கிளம்பியது 1920. முதல் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. அமெரிக்க சேஸி மலிவாக வந்தது. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் தொழிற்சாலை போட்டு ஷெவர்லேக்களைப் பூட்டித் தர ஆரம்பித்தது. சேஸியை மட்டும் வாங்கிவந்தால் போதும், மேலே உடம்பு கட்ட ஊர் ஆசாரி இருக்கிறார். மாட்டு வண்டி செய்த கை தேக்குச் சட்டம் அடித்து, பலகை தைத்து, பெஞ்சு போட்டு பஸ்ஸாக்கிக் கொடுத்துவிடும்.

குட்டி ரயில் தன் நேரத்துக்கு, தன் ஸ்டேஷனுக்குத்தான் வரும். ஸ்டேஷனோ ஊருக்கு வெளியே. பஸ் சந்தைத் திடலுக்கே வந்து நின்று, “பாலக்கோடு, பாலக்கோடு” என்று கூவி, பத்து பேர் சேரும்வரை காத்திருந்து, கோழிக்கூடையைக் கூரையில் கட்டிக்கொண்டு, நடுவழியில் கை காட்டினாலும் ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிற இடங்களில் டிரைவர்கள் ரயிலை முந்திக் காட்டுவதும், பயணிகள் ஜன்னலில் கையைத் தட்டுவதும் உண்டு என்று பெரியப்பாவின் அப்பா சொல்லியிருக்கிறார். பரிசு கிடையாது, அடுத்த ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தை முதலில் அள்ளிக்கொள்வதுதான் பரிசு.

நாடு முழுவதுமே இந்தப் பிரச்சினை. ரயிலின் வருமானத்தை ரோடு எவ்வளவு தின்கிறது என்று பார்க்க 1932-ல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகளை அரசாங்கம் நாடு சுற்ற அனுப்பியது. பிறகு 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்து, பஸ்ஸுக்குப் பெர்மிட், நேரம், தடம் என்று கடிவாளம் போட்டது. குட்டி ரயிலுக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1941-ல் மொரப்பூர்–ஓசூர் பாதையை மூடிப் பெயர்த்துவிட்டார்கள்.

ஜெயித்தவனுக்கும் நல்ல காலம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்கள் கரிக்கு மாறின. பின்னால் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் விறகுக் கரியை மூட்டி, குறைந்த காற்றில் எரியவிட்டால் எரியக்கூடிய வாயு வரும். அதை வடிகட்டி என்ஜினுக்குக் கொடுப்பார்கள். கிளம்புவதற்கு முன் கிளீனர் கால்மணி நேரம் காற்றாடி சுற்ற வேண்டும். பெட்ரோலில் இருக்கும் சக்தி கரி வாயுவில் வராது. ஏற்றத்தில் “ஆம்பளைங்க எல்லாம் இறங்குங்க” என்ற குரல் வரும், இறங்கித் தள்ளுவார்கள், மேலே போய் ஏறிக்கொள்வார்கள். ராயக்கோட்டை ஏற்றத்தில் இதைச் செய்த தாத்தாக்கள் வீட்டுக்கு வீடு இருந்திருப்பார்கள். தருமபுரியை விட ஓசூர் சுமார் 400 மீட்டர் உயரம், நடுவில் எங்கேயாவது ஏறித்தானே ஆக வேண்டும்.

ராயக்கோட்டைக் கோட்டை மலை மேகத்துக்குள் போய்விட்டது. மலை ஏறவில்லை. தக்காளி மண்டி வாசலில் நிறுத்தியதுதான் தாமதம், கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வண்டியைச் சுற்றிவிட்டார்கள். ஒருவர் தெலுங்கில் கேட்கிறார், ஒருவர் கன்னடத்தில், பெரியப்பா இரண்டிலும் பதில் சொல்கிறார். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? 12, 13 என்றதும் முகத்தில் ஒரு மரியாதை. அவர்கள் ஓட்டும் சில வண்டிகள் அதைத்தான் கொடுக்கின்றனவாம்.

ராகிக் களி, கீரைக் கடைசல். இங்கேயே தங்கல்.

ஞாயிறு, ஓசூர்

கெலமங்கலம் வழியாக வந்தோம். நேராக மத்திகிரி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்க 1824-ல் தொடங்கிய பண்ணை இங்கே இருக்கிறது, இன்று அரசின் கால்நடைப் பண்ணை. உள்ளே போக அனுமதி வேண்டும். வெளியே மரத்தடியில் மோரிஸை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம். குதிரைப் பண்ணை வாசலில் கார், அதுவும் 23 குதிரை. சிரிக்கத் தோன்றியது எனக்கு மட்டும்தான்.

ஓசூரில் தொழிற்பேட்டை 1970-களில் வந்தது. டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் இங்கிருந்துதான் புறப்பட்டது, இரண்டு பேர் உட்காரும் இந்தியாவின் முதல் மொபெட். 1984-ல் இந்த் சுசுகி 100 சிசி பைக். நடுவில் 1982-ல் கம்பெனி தனக்கென்று ஒரு பந்தய அணியை அமைத்தது. இந்தியாவில் ஒரு தொழிற்சாலையே நேரடியாக அணி வைத்துப் பந்தயத்தில் இறங்கியது அப்போதுதான். ஆக, கார் பந்தய வரலாற்றில் பெயர் இல்லாத இந்த மாவட்டத்துக்கு இருசக்கரப் பந்தயத்தில் நல்ல பெயரே உண்டு. டிவிஎஸ் 50-ஐ நாம் அரிசி மூட்டை, பால் கேன், மூன்று பிள்ளைகளோடு பார்த்துப் பழகிவிட்டதால் அதன் வீட்டில் பந்தயப் பிள்ளைகள் இருப்பது தோன்றுவதே இல்லை.

மதியம் பேளகொண்டப்பள்ளி பக்கம் போனோம், தனியார் விமான ஓடுபாதை இருக்கும் இடம். வேலிக்கு வெளியே நின்று நீண்ட நேராகப் போகும் தார்ப்பரப்பைப் பார்த்தபோது சோழவரம் ஞாபகம் வராமல் இருக்குமா? இந்தியாவில் பழைய பந்தயங்கள் பலவும் விமானத் தளங்களில் நடந்தவைதான். கல்கத்தாவுக்குப் பாரக்பூர், பம்பாய்க்கு ஜுஹு. சென்னைக்குச் சோழவரம், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட தளம். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மிச்சம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் பிறந்து, அந்தத் தளத்தில் பந்தயம் நடத்த ஆரம்பித்தது. குறுக்கும் நெடுக்குமான ஓடுபாதைகளைச் சேர்த்து ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி ஒரு தடம். திருப்பங்களில் பீப்பாய்களும் வைக்கோல் கட்டுகளும்தான் தடுப்பு. பிப்ரவரி வெயிலில் ஆயிரக்கணக்கில் ஜனம்.

அங்கே ஓடியவற்றைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர். அப்பாவின் காரைச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவில் சுண்ணாம்பில் எண் எழுதி ஓட்டினார்கள். ஜெட் எஞ்சின் போல் உறுமும் வெளிநாட்டு வண்டிகளும் வந்தன. விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 காரைக் கொண்டுவந்து ஓட்டியது அங்கேதான். எனக்கு அதை விடக் கோவைக் கரிவர்தன் பெரிய ஆள். வெளியிலிருந்து வாங்கிவராமல், இந்தியாவில் கிடைக்கும் என்ஜினை வைத்து இந்தியாவிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார், குறைந்த செலவில் பையன்களை ஓட்டவைத்தார். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போனதன் பின்னால் அந்த ஊர்ப் பட்டறைகளின் நீண்ட வரிசை இருக்கிறது. சோழவரம் 1990-ஐ ஒட்டி ஓய்ந்தது, இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்துவிட்டது.

சரி, இதற்கும் கிருஷ்ணகிரிக்கும் என்ன? பெங்களூர்க்காரர்கள் சோழவரம் போன ஒரு ரோடு உண்டு. அந்த ரோடு மேலுமலையில் இறங்கி கிருஷ்ணகிரி ஊருக்குள் நுழைந்து போனது. நாளை அதே வழி.

திங்கள், கிருஷ்ணகிரி

சூளகிரி தாண்டி மேலுமலைக் கணவாய் இறக்கத்தில் இரண்டாவது கியர், முப்பது கிலோமீட்டர் வேகம், பக்கத்தில் கன்டெய்னர் லாரிகளின் சுவர். பழைய ரோட்டின் புளியமரங்கள் பெரும்பாலும் நாலு வழிச்சாலைக்குப் போய்விட்டன. வெட்டுப்படாமல் தப்பிய சில மரங்கள் சர்வீஸ் ரோட்டு ஓரம் சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. கார்பைட் விளக்கு மாட்டிய காலத்து வண்டிகளுக்கு அந்த மரங்கள்தான் ராத்திரியில் ரோடு எது என்று காட்டியவை, அடிமரத்தில் வெள்ளையடித்து வைத்திருப்பார்கள்.

சுங்கச்சாவடியில் எங்களை எந்த வகையில் சேர்ப்பது என்று யாருக்கும் குழப்பமில்லை, கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தது, கேட் திறந்தது. 1936 காரில் ஃபாஸ்டேக்! ஒரு காலத்தில் இந்த ரோடுகளில் உள்ளூர் போர்டுகள் ஆங்காங்கே கேட் போட்டு வசூலித்தன. 1931-ல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்து அந்த கேட்டுகளை எடுத்துவிட்டது. பெரியப்பாவின் மோரிஸ் கேட்டே இல்லாத ரோட்டில் ஓடத் தொடங்கி, இப்போது இங்கே வந்து நிற்கிறது.

பழையபேட்டையில் பாயின் பட்டறை. அவர் அப்பா காலத்துப் பட்டறை. சுவரில் கறுத்துப்போன ஸ்பேனர் வரிசை, ஒரு மூலையில் லேத். மோரிஸ் உள்ளே நுழைந்ததும் பாய் ஒன்றும் பேசாமல் முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “கிங்பின் போச்சு பெரியவரே.” அப்புறம்தான் வணக்கம். (கிங்பின் என்பது முன்சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக இருக்கும் பின்.)

அவரிடம் சோழவரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பொங்கல் கழிந்த சில வாரத்தில் பெங்களூரிலிருந்து கூட்டமாக வருவார்களாம். லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிற வசதி சிலருக்குத்தான். மற்றவர்கள் பந்தயக் காரையே ஓட்டிக்கொண்டு வருவார்கள், டிக்கியில் ஸ்பேர் டயர், ஜாக்கி, கேஸ்கெட். பைக் ஓட்டுகிறவர்கள் தனி. இங்கே நின்று இட்லி சாப்பிட்டு, பிளக் துடைத்து, கார்புரேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு 250 கிலோமீட்டர் ஓட்டி மெட்ராஸ் போக வேண்டும். பந்தயம் ஓட வேண்டும். திரும்பவும் அதே காரில் வீட்டுக்கு.

“போறப்ப எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. திரும்பி வர்றப்பதான் நமக்கு வேலை. ஒருத்தன் கிளட்ச் வேலை செய்யாமலே மேலுமலை அடிவாரம் வரைக்கும் வந்துட்டான். எப்படிடா வந்தேன்னா, ஸ்டார்ட்டர்லயே கியர்ல எடுத்து, நிக்காமலே வந்தேன்கிறான். அதான் சாமி ரேஸு.” யார் ஜெயித்தார்கள் என்று அவருக்கு ஞாபகமில்லை. யார் வண்டியில் என்ன போயிருந்தது என்று வரிசையாகச் சொல்கிறார்: இந்த ஹெரால்டில் டிஃபரென்ஷியல், அந்த ஃபியட்டில் வால்வு, ஒரு ஜாவாவில் செயின்.

ஊர் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் கிடைத்தது. குட்டி ரயில் வந்து நின்ற ஊர் இது. அது போன பிறகு கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் வரவில்லை. ஆனால் ரோட்டுக்குக் குறைவில்லை. சென்னை, பெங்களூர், சேலம், திருவண்ணாமலை என்று நாலா பக்கமும் பிரிகிறது. பஸ் ஸ்டாண்டில் எந்த நேரம் போனாலும் எந்த ஊருக்கும் வண்டி இருக்கிறது. ரயில் வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறார்கள், வாக்குறுதியும் கிடைக்கிறது.

பாயின் தீர்ப்பு: கிங்பின், அதைத் தாங்கும் புஷ் இரண்டையும் கழற்றி, பின்னைப் புதிதாக லேத்தில் கடைந்து, புஷ் வெண்கலத்தில் போட வேண்டும். கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் கூடாது, அளவு ஒத்துவராது என்கிறார். பெரியப்பாவுக்கு வண்டியை விட்டுவிட்டுப் போக மனமில்லை, பட்டறைப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் இப்போது எந்த எண் ஆயில் ஊற்றுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாய் 40 என்கிறார், பெரியப்பா 30 என்கிறார். எனக்கு நாளை வேலை இருக்கிறது, சேலம் பஸ் ஏறப்போகிறேன். வண்டி தயாரானதும் தருமபுரிக்கு ஓட்டிவர ஒரு கிளீனர் வேண்டும், அடுத்த சனிக்கிழமை வா என்று சொல்லியிருக்கிறார்.